புல்லும் குதிரைக் குடலும்: எவ்வளவு, எப்போது, எந்தப் புல்?

ஒரு கிலோ ஓட்ஸைத் தின்று தீர்க்கக் குதிரைக்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தில் அது மெல்லுவது ஏறத்தாழ 850 தடவை. அதே ஒரு கிலோவை உலர்ந்த புல்லாகக் கொடுத்தால் நாற்பது நிமிடம் ஆகும். மெல்லும் எண்ணிக்கையும் 3,000-ஐத் தாண்டிவிடும். 1970-களில் ஜெர்மன் கால்நடை ஆய்வாளர்கள் எண்ணிச் சொன்ன கணக்கு இது. குதிரையின் தீவனத்தையும் குடல்நலத்தையும் பற்றி அதன்பின் வந்த ஆய்வுகளில் கணிசமானவை, இந்த அரைமணி நேர வித்தியாசத்தால் என்ன ஆகிறது என்பதைத்தான் வெவ்வேறு கோணத்தில் கேட்டிருக்கின்றன.

நமக்குப் புளியை நினைத்தாலே நாக்கில் நீர் ஊறும். குதிரைக்குத் தாடை அசைந்தால்தான் உமிழ்நீர். வயிறாரப் புல் தின்னும் குதிரைக்கு நாளொன்றுக்கு 35 முதல் 40 லிட்டர் வரை சுரக்கும். அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் அதில் உண்டு. இரைப்பை அமிலம் தாடைக்காகக் காத்திருப்பதில்லை. தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும். அரை டன் எடையுள்ள விலங்குக்கு இரைப்பையின் கொள்ளளவு 8 முதல் 15 லிட்டர்தான். அதன் கீழ்ப்பாதியைச் சளிப்படலம் காக்கிறது. மேல்பாதியின் உட்புறம் உணவுக்குழாயின் உட்தோலைச் சேர்ந்தது. வெளிறியது, அமிலத்தைத் தாங்கும் காப்பு இல்லாதது. வயிற்றில் நீண்ட நார் நிறைந்திருக்கும்வரை கவலையில்லை. அமிலம் அடியில் தங்கும்; நார் அடர்ந்து அதன்மேல் மிதந்து, மேலே தெறிக்காமல் பார்த்துக்கொள்ளும். வயிறு காலியானால் அந்தத் தடுப்பும் போச்சு, உமிழ்நீரும் போச்சு.

குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. பித்தநீரைச் சேர்த்துவைத்து வேளைக்கு வேளை விடவேண்டிய தேவை அந்த உடலுக்கு வந்ததில்லை. வாந்தியெடுக்கவும் அதனால் முடியாது. திறந்தவெளியில் விட்டால் நாளில் 14 முதல் 18 மணி நேரம் மேய்ந்துகொண்டே இருக்கும். காலை, மதியம், இரவு என்று வேளை பிரித்தது மனிதர்கள்.

குதிரைக்குப் புல் எவ்வளவு, எவ்வளவு இடைவெளியில், எந்தப் புல் என்று மூன்று கேள்விகள் இருக்கின்றன. தீவனப் புத்தகங்கள் முதல் கேள்வியில் தொடங்கி மூன்றாவதில் முடிக்கும். நடுவில் இருப்பதை ஒரு பத்தியில் கடந்துவிடும். கிடைத்திருக்கும் சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் நடுக்கேள்விதான் மற்ற இரண்டையும் இழுத்துச் செல்கிறது என்பது என் முடிவு. குதிரை லாயத்தில் ஏற்படும் குடல் கோளாறுகளில் பெரும்பகுதி, என்ன சத்து குறைந்தது என்பதைவிட, எத்தனை மணி நேரம் வாய் சும்மா இருந்தது, எத்தனை நாளில் தீனி மாறியது என்பதோடுதான் கட்டுண்டு கிடக்கின்றன.

பின்குடல்

மாடும் புல் தின்கிறது, குதிரையும் புல் தின்கிறது. ஆனால் மாட்டில் நுண்ணுயிர்கள் முதல் பந்தியில் உட்காருகின்றன. அவை நொதிக்க வைத்ததையும் அவற்றையுமே மாடு பிறகு செரித்துக்கொள்கிறது. குதிரையில் வரிசை தலைகீழ். சிறுகுடல் தன்னால் எடுக்க முடிந்த மாவுச்சத்தையும் புரதத்தையும் கொழுப்பையும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் குருட்டுக்குடலுக்கும் பெருங்குடலுக்கும் தள்ளிவிடும். செரிமானப் பாதையின் மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ 60 சதவீதம் இந்தப் பின்குடல். பாக்டீரியா, ஒற்றைச்செல் உயிரிகள், பூஞ்சைகள் எல்லாம் இங்கே நாரைச் சிதைத்து அசிட்டிக், புரோபியோனிக், பியூட்டிரிக் அமிலங்களாக்குகின்றன. புல்லை மட்டுமே நம்பியிருக்கும் குதிரைக்குப் பாதிக்கும் மேற்பட்ட ஆற்றல் இந்த அமிலங்களிலிருந்துதான் வருகிறது. தின்றது சில மணி நேரத்தில் குருட்டுக்குடலை எட்டிவிடும். அதன்பின் ஒன்றரை, இரண்டு நாள் அங்கேயே ஊறிக் கிடக்கும்.

இந்த அமைப்பின் பலவீனம் இரண்டு இடத்தில் தெரியும். ஒன்று, சிறுகுடலில் செரிக்காமல் தப்பிய மாவுச்சத்து. பின்குடலில் அது விழுந்தால் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருகும், அமிலத்தன்மை ஏறும், நாரைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் செத்துமடியும். அதன் விளைவு வயிற்றோடு நிற்காது. குளம்புக்குள் இருக்கும் மெல்லிய திசுவடுக்குகள் வீங்கிக் குதிரை கால் ஊன்ற முடியாமல் நிற்கும்; குளம்பு அழற்சி என்பது இதுதான். ஒரே நேரத்தில் கொடுக்கும் மாவுச்சத்து உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராமைத் தாண்டக் கூடாது என்பது பழைய வரம்பு. இப்போது பலரும் 1 கிராம் என்கிறார்கள். 450 கிலோ குதிரைக்கு இது ஒரு வேளைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ ஓட்ஸ். நம் லாயங்களில் ஒரு வேளைக்கு அளந்து போடும் வாளியை எடைபோட்டுப் பார்த்தால் பலருக்குத் தூக்கிவாரிப்போடும்.

மற்றொன்று, பெருங்குடல் இடுப்பெலும்புக்கு அருகே மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுபோல் திரும்பும் இடம். அதுவரை அகலமாக வந்த குடல் அங்கே சட்டென்று குறுகிவிடுகிறது. நீர் போதாமல் இறுகிய நார்க்கட்டி போய் நிற்பது பெரும்பாலும் அங்கேதான். குதிரைக்காரர்கள் ‘கோலிக்’ என்று பொதுவாகச் சொல்லும் வயிற்றுவலியில் வாயு, முறுக்கம், இடப்பெயர்ச்சி, அடைப்பு எல்லாம் அடங்கும். அடைப்பு வகைக்கு இந்த வளைவே முதல் சந்தேகம்.

பாண்டியர் லாயம்

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே குதிரைகள் சாவதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து கப்பலில் வரும் குதிரைகளை அரசரும் அவருடைய சகோதரர்களும் ஆண்டுக்கு ஆளுக்கு 2,000-க்கும் மேல் வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்பது அவர் கணக்கு. காரணமாக அவர் சொல்வது பராமரிப்புக் குறைவு: வைத்தியம் தெரிந்தவர் இல்லை, வேகவைத்த இறைச்சியோடு சோற்றைத் தீனியாகப் போடுகிறார்கள். அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் வேறொரு பட்டியல் தருகிறார்: வறுத்த பார்லி, வெண்ணெயில் புரட்டிய தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால். கயிறும் முளையும் போட்டு நாற்பது நாள் கட்டிவைக்கிறார்கள் என்றும் எழுதுகிறார்.

பயணியின் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. புள்ளிவிவரம் எடுத்தவர்கள் அல்ல இவர்கள். குதிரை வியாபாரிகள் சொன்னதை நம்பியிருக்கவும் கூடும். இறைச்சியும் நெய்யும் தமிழ்நாட்டுக் கண்டுபிடிப்பும் இல்லை. அர்த்தசாஸ்திரத்தில் குதிரை அதிகாரிக்கான அத்தியாயமே தானியத்தோடு கொழுப்பு, உப்பு, இறைச்சி என்று படி அளக்கிறது. வெயில், ஒட்டுண்ணி, ஈ கடித்துப் பரவும் ‘சர்ரா’ போன்ற நோய்கள் எல்லாம் அந்தச் சாவுகளில் பங்கு கேட்கும். ஆனாலும் இன்றைய கால்நடை மருத்துவரிடம் இந்தத் தீனிப் பட்டியலைக் காட்டினால் அவர் முதலில் கேட்பது, “புல் எங்கே?” என்றுதான் இருக்கும். பல வாரக் கப்பல் பயணம், உடனே கட்டுத்தறி, உடனே மாவுச்சத்து மிகுந்த புதுத் தீனி. கோலிக்குக்கும் குளம்பு அழற்சிக்கும் இதைவிடக் கச்சிதமான அழைப்பிதழ் எழுத முடியாது.

புல்லை ஒதுக்கித் தானியத்தை ஏற்றும் வழக்கத்துக்குச் சத்தைவிடச் சரக்குக் கணக்கே காரணம் என்று நினைக்கிறேன். புல் இடத்தை அடைக்கும். தின்ன நேரம் எடுக்கும். வேலை வாங்குகிறவருக்கு இரண்டும் நட்டம். முதல் உலகப் போரில் பிரிட்டன் பிரான்சுக்குக் கப்பலேற்றிய ஓட்ஸும் புல்லும் சேர்ந்து சுமார் 54 லட்சம் டன். அதே கடல்வழியாகப் போன வெடிபொருள் அதைவிடச் சற்றுக் குறைவு. புல்லைக் குறைத்துத் தானியத்தைக் கூட்டச் சொல்லும் கை, எந்தக் காலத்திலும் பண்டசாலைக் கணக்கரின் கைதான்.

பந்தயக் குதிரையின் இரைப்பை

1986-இல் ஹாங்காங்கிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. இறந்த தரோபிரெட் இனப் பந்தயக் குதிரைகளின் இரைப்பையைத் திறந்து பார்த்ததில் மூன்றில் இரண்டு பங்குக்குப் புண் இருந்தது. பயிற்சியில் இருந்தவற்றைத் தனியாக எடுத்தால் 80 சதவீதம். பிறகு குதிரையின் வயிற்றை எட்டும் அளவுக்கு நீண்ட உள்நோக்கிக் கருவிகள் வந்தன. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உயிருள்ள பந்தயக் குதிரைகளைப் பார்த்தபோது சதவீதம் அதற்கும் மேலே போயிற்று. மெலிகிறது, தீனியைப் பாதியில் விடுகிறது, வாரை இறுக்கினால் கடிக்க வருகிறது, ஓட்டத்தில் சோர்கிறது என்று குதிரையின் குணத்தின்மேல் போட்ட பழிகளில் பலவும் இரைப்பைக்குள் இருந்து வந்தவை.

அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் மரேயும் அவர் சகாக்களும் 1990-களில் செய்த சோதனை எளிமையானது. ஒரு நாள் புல், மறுநாள் பட்டினி என்று மாற்றி மாற்றி, மொத்தம் 96 மணி நேரம் தீனியில்லாமல் வைத்தார்கள். நல்ல ஆரோக்கியமான குதிரைகளின் இரைப்பை மேல்தோலில் புண் வந்துவிட்டது. புண்ணுக்கு மருந்து கண்டுபிடிக்க விரும்பும் ஆய்வகங்கள், முதலில் புண்ணை உண்டாக்க இன்றும் இந்த முறையையே கையாள்கின்றன. பட்டினி அவ்வளவு நம்பகமான காரணி.

டென்மார்க்கில் 2009-இல் வெளியான ஆய்வு பந்தயத்துக்கு வெளியே உள்ள சாதாரணச் சவாரிக் குதிரைகளை எடுத்துக்கொண்டது. புல்லுக்கும் புல்லுக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடுதல், நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 2 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, நார்த்தீனியாகக் கதிரடித்த தாளை மட்டுமே போடுதல் ஆகிய மூன்றும் புண்ணோடு சேர்ந்து வந்தன. ஆறு மணி நேரம் என்றால் சொல்லக் குறைவாகத்தான் தெரிகிறது. மாலை ஆறுக்குப் புல் போட்டுவிட்டு மறுநாள் காலை ஐந்துக்குத் திரும்பும் லாயத்தைக் கணக்கிடுங்கள். மூன்று கிலோ புல் இரவு எட்டு மணிக்கே தீர்ந்துவிடும். மீதி ஒன்பது மணி நேரம் அமிலம் மட்டும். இரைப்பைக்குள் அமிலமானியை விட்டு 24 மணி நேரம் அளந்த ஓர் ஆய்வில் மேல்பகுதியின் அமிலத்தன்மை மிக அதிகமாக இருந்தது நள்ளிரவு ஒரு மணிக்கும் காலை ஒன்பது மணிக்கும் இடையில். விடிகாலைப் பயிற்சி நடக்கும் நேரமும் அதுதான். குதிரை வேகமெடுக்கும்போது வயிற்றுத் தசை இறுகி, அடியில் தங்கியிருக்கும் அமிலத்தை மேலே தள்ளுகிறது என்பதும் அளந்து காட்டப்பட்டிருக்கிறது. ஓடுவதற்கு முன் குதிரையை வெறும் வயிற்றில் வைப்பது நல்லது என்ற பழைய நம்பிக்கை அத்தோடு சாய்ந்தது. சேணம் பூட்டுவதற்கு அரைமணி முன்பு இரண்டு கைப்பிடி நறுக்கிய குதிரை மசால் கொடுப்பது இன்றைய பல லாயங்களில் வழக்கமாகிவிட்டது.

குதிரை மசால் (லூசர்ன் என்றும் அல்ஃபால்ஃபா என்றும் வியாபாரத்தில் வருவது) ஏன்? சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அதில் அதிகம். இரண்டும் அமிலத்தைத் தணிக்கும். 2000-இல் அமெரிக்காவில் குதிரை மசாலும் தானியமும் தின்ற குதிரைகளுக்கு, வெறும் புரோம் புல் தின்றவற்றைவிட இரைப்பைப் புண் குறைவாக இருந்தது. தானியம் தின்றும் குறைவு என்பதால் அந்த முடிவு பெரும் புகழ் பெற்றது. அதில் இருந்தவை ஆறு குதிரைகள். பின்வந்த ஆய்வு அதே திசையில் போனதால் நம்பலாம். ஆனால் ஆறு குதிரையின்மேல் ஒரு தீவனச் சந்தையே எழுந்து நிற்பதைப் பார்க்கும்போது கொஞ்சம் புன்னகையும் வருகிறது.

இங்கே ஒரு தடையையும் சொல்லியாக வேண்டும். இதுவரை சொன்னது எல்லாம் மேல்பாதிப் புண்ணுக்கு. கீழ்ப்பாதியில், சுரப்பித் தோலில் வரும் புண் வேறு நோய் என்று கடந்த பதினைந்து ஆண்டுகளில் தெளிவாகியிருக்கிறது. அதில் தீனியின் பங்கு அவ்வளவு நேராகத் தெரியவில்லை. வாரத்தில் ஓய்வு நாள் இல்லாமை, கையாளும் ஆட்கள் அடிக்கடி மாறுதல் போன்றவற்றோடுதான் தொடர்பு கிடைக்கிறது. புல்லை அள்ளிப் போட்டால் எல்லாப் புண்ணும் ஆறும் என்று சொல்பவர்கள் பாதி இரைப்பையைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

எவ்வளவு?

அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2007-இல் குறைந்தபட்சம் உடல் எடையில் ஒரு சதவீதம் நார்த்தீனி என்றது. பத்து ஆண்டு கழித்து ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதிய மதிப்பீடு அதை ஈரம் நீக்கிய எடையில் 1.5 சதவீதமாக உயர்த்தியது. 400 கிலோ குதிரைக்கு 6 கிலோ. புல்லில் மிச்சமிருக்கும் ஈரத்தைச் சேர்த்தால் தராசில் ஏழு கிலோவுக்கு ஒட்டி வரும். தாராளமாகக் கிடைத்தால் குதிரை தானாகவே 2 சதவீதம், அதற்கு மேலும் தின்னும். பிரிட்டனில் 1995-இல் தரோபிரெட் லாயங்களைக் கணக்கெடுத்தபோது, நாளுக்கு 6.8 கிலோவுக்குக் குறைவாக நார்த்தீனி பெற்றவற்றில் மரத்தைப் பல்லால் கவ்விக் காற்றை உறிஞ்சுவது, தலையை இடவலமாக ஆட்டிக்கொண்டே நிற்பது போன்ற பழக்கங்கள் கூடுதலாக இருந்தன. அந்தப் பழக்கம் வந்த குதிரையின் கழுத்தில் தோல்வார் மாட்டி நிறுத்தப் பார்ப்பார்கள். வாய்க்கு வேலை கேட்கும் விலங்கின் வாயையே கட்டுவது எனக்கு ஏற்புடையதல்ல. காற்றுறிஞ்சும் குதிரைகளுக்குச் சிறுகுடல் ஒரு குறிப்பிட்ட துவாரத்தில் சிக்கிக்கொள்ளும் கோலிக் வகை அதிகம் வருகிறது என்பது மருத்துவமனைப் பதிவுகளில் பலமுறை உறுதியான செய்தி.

வெறும் புல்லில் பந்தயம் ஓடுமா என்று கேட்பார்கள். ஸ்வீடனில் ஓடியிருக்கிறது. அங்கே வண்டிப்பந்தயத்துக்கு வளர்க்கும் ஸ்டாண்டர்டுபிரெட் குதிரைகளுக்கு, பூப்பதற்கு முன்பே அறுத்த சத்துமிக்க புல்லை மட்டுமே கொடுத்துப் பயிற்சியும் பந்தயமும் நடத்திய தொடர் ஆய்வுகள் உப்சலா விவசாயப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கின்றன. உழைப்பின்போது ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறுவதும் குறைந்தது. ஆனால் அது எந்தப் புல்லிலும் நடப்பதல்ல. முற்றி, தண்டு கடினமான புல்லில் அதே சோதனை தோற்றிருக்கும்.

கோலிக்கும் புல் கட்டு மாற்றமும்

டெக்சாஸ் கால்நடை மருத்துவர்கள் வழியாக 1,030 கோலிக் குதிரைகளையும், வேறு அவசரத்துக்கு வந்த அதே எண்ணிக்கைக் குதிரைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 1999-இல் வெளியானது. சமீபத்தில் தீனி மாறியதும், குறிப்பாகப் புல்லின் வகை மாறியதும் கோலிக்கோடு சேர்ந்து நின்றன. தானியம் மாற்றும்போது பத்து நாள் எடுத்துக்கொள்ளும் கவனமான லாயக்காரர்கூடப் புல்லை ஒரே நாளில் மாற்றிவிடுவார். லாரி வந்தது, பழைய கட்டு தீர்ந்தது, புதுக் கட்டைப் பிரித்தாயிற்று. பார்வைக்கு இரண்டும் புல்தான். நுண்ணுயிர்களுக்கு அப்படி இல்லை. பார்லியைத் திடீரென்று சேர்த்தபோது பெருங்குடல் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை ஐந்து மணி நேரத்துக்குள் மாறியதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். புல் மாற்றம் அவ்வளவு வன்மையானது அல்ல என்றாலும், பழையதும் புதியதுமாகப் பத்து, பதினைந்து நாள் கலந்து போடுவதற்குப் பழைய கட்டில் கால்பங்கை மீத்துவைத்தால் போதும். செலவே இல்லாத வைத்தியம்.

நீரும் இதில் சேரும். பச்சைப்புல்லில் 80 சதவீதம் தண்ணீர். உலர்புல்லில் 10 முதல் 15. மேய்ச்சலிலிருந்து லாயத்துக்குள் கொண்டுவந்த குதிரைகளின் பெருங்குடல் அசைவு முதல் சில நாளிலேயே குறைவதை நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தார் அல்ட்ராசவுண்டில் பார்த்திருக்கிறார்கள். உலர்புல் தின்னும் குதிரைக்குத் தண்ணீர்த் தொட்டி எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். வேளைக்கு ஒரு வாளி காட்டும் வழக்கம் அதற்கு ஆகாது.

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் சிறுகுடலின் கடைசிப் பகுதி அடைத்துக்கொள்ளும் கோலிக் தனித்து அதிகம். அங்கே பரவலாகப் போடும் புல், கோஸ்டல் பெர்முடா. ஜார்ஜியாவின் டிஃப்டனில் க்ளென் பர்ட்டன் 1943-இல் வெளியிட்ட அந்த ரகம் நம் அருகம்புல்லின் கலப்பினம். 2002-இல் வந்த ஆய்வு அந்தப் புல்லையும், நாடாப்புழுவுக்கு மருந்து கொடுக்காமல் விட்டதையும் காரணப் பட்டியலில் வைத்தது. இதைக் கேட்டு அருகம்புல்லுக்குப் பயப்பட வேண்டியதில்லை. மெல்லிய தண்டுள்ள புல்லை முற்றவிட்டு அறுத்தால் நார் நுண்ணியதாகி, நன்றாக மெல்லாமலே விழுங்கப்பட்டு, குறுகிய குடலில் பந்தாகத் திரளும் என்பதே விளக்கம். இளம்பதத்தில் அறுத்துக் காயவைத்த அருகம்புல் இந்தியக் குதிரைகள் நெடுங்காலமாகத் தின்று வளர்ந்த தீனி.

கட்டைப் பிரித்துப் பார்க்கையில் சில விஷயங்கள் கையிலேயே தெரிந்துவிடும். ஒரு பிடி எடுத்துக் கசக்கினால் உள்ளங்கையைக் குத்துகிறதா, கதிர் முற்றி விதை உதிர்கிறதா, உதறினால் வெயிலில் தூசி பறக்கிறதா, நடுக்கட்டு சூடாகவோ வெள்ளைப் பூஞ்சையோடோ இருக்கிறதா. பூஞ்சைத் தூசி குடலைவிட முதலில் நுரையீரலைப் பிடிக்கும். லாயத்துக் குதிரைகளுக்கு வரும் ஆஸ்துமாவுக்கு அதுவே முதன்மைக் காரணம். பிறகு சாணத்தைப் பாருங்கள். ஒரு விரல் நீளத்துக்கு முறியாத நார் தெரிந்தால் குறை பல்லில் இருக்கிறது. பல் கூர்த்த குதிரை, மென்ற புல்லை விழுங்க முடியாமல் சுருட்டித் தரையில் துப்பியிருக்கும். அந்த ஈரச் சுருளைத் தொட்டியடியில் கண்டால், தீனியை மாற்றுவதற்கு முன் பல்லை அரவச் சொல்லுங்கள்.

கொழுத்த குதிரைக்கு என்ன செய்வது

எப்போதும் புல் முன்னால் இருக்கட்டும் என்ற அறிவுரை எல்லாக் குதிரைக்கும் பொருந்தாது. மட்டக்குதிரைகளும் வேலையில்லாத சவாரிக் குதிரைகளும் அப்படித் தின்றால் கொழுத்து, இன்சுலின் கோளாறு வந்து, கடைசியில் குளம்பு அழற்சியில் படுத்துவிடும். அதற்காகப் புல்லை வெட்டினால் இரைப்பை புண்ணாகும். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் வலைச் சோதனை இதற்கு நல்ல விடை. புல்லைத் தரையில் போட்டபோது மூன்று மணி நேரத்தில் தீர்த்த குதிரைகள், அதே அளவை 3.2 சென்டிமீட்டர் கண்ணுள்ள வலையில் வைத்தபோது ஆறரை மணி நேரம் எடுத்துக்கொண்டன. புல் கூடவில்லை, நேரம் கூடியது.

தண்ணீரில் ஊறவைத்துச் சர்க்கரையைக் கழுவுவது இன்னொரு வழி. அதை நான் அவ்வளவு நம்பவில்லை. பிரிட்டனில் ஒன்பது வகைப் புல்லை 16 மணி நேரம் ஊறவைத்ததில் சிலவற்றில் பத்தில் ஒரு பங்கு சர்க்கரைதான் கரைந்தது, சிலவற்றில் பாதி. எது எதில் அடங்கும் என்று கண்ணால் சொல்ல முடியாது. ஊறவைத்த புல்லில் பாக்டீரியா பெருகுவதும் நிரூபணமாகியிருக்கிறது. நம்மூர் வெயிலில் அது புளித்த வாடையோடு வரும். பாதிப் புல்லுக்குப் பதில் கோதுமைத் தாள் கலக்கலாம் என்பது 2021-இல் ஸ்வீடனில் கிடைத்த முடிவு: புண் வரவில்லை, ஆற்றல் குறைந்தது, தின்னும் நேரம் நீண்டது. தாளை மட்டுமே போட்டால் ஆபத்து என்ற டென்மார்க் முடிவோடு இது மோதவில்லை. அங்கே அது முழுத்தீனி, இங்கே பாதி.

நம்மூர்ப் புல்

கோதுமைத் தாளுக்குச் சொன்னதை நெல் வைக்கோலுக்குச் சொல்ல முடியாது. வைக்கோலில் சிலிக்கா மிகுதி, புரதம் சொற்பம். மாட்டின் முதல் வயிறு அதோடு மல்லுக்கட்டும். குதிரையின் பின்குடலுக்கு அத்தனை அவகாசம் இல்லை. ஒரு பிடி கலப்பதில் தவறில்லை, அதுவே தீனியாகிவிடக் கூடாது.

இன்னும் கவனிக்க வேண்டியது, தமிழ்நாட்டில் சுலபமாகக் கிடைக்கும் தீவனப்புற்களான கம்பு நேப்பியரும் கொழுக்கட்டைப் புல்லும். இரண்டிலும் ஆக்சலேட் உண்டு. அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக் கரையாத உப்பாக்கிவிடும். மாட்டின் முதல் வயிற்றில் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுவதால் அதற்குப் பெரிய தொல்லை இல்லை. குதிரைக்குச் சுண்ணாம்பு உறிஞ்சப்படுவது சிறுகுடலில். நுண்ணுயிர்கள் இருப்பதோ அதற்குப் பின்னால். நுண்ணுயிர்களிடம் வந்துசேரும்போது காலம் கடந்துவிட்டது. ரத்தத்தில் குறையும் சுண்ணாம்பை உடல் எலும்பிலிருந்து உருவி எடுக்கும், தாடையெலும்பும் முகவெலும்பும் நாராகி வீங்கும், காரணம் தெரியாமல் கால் நொண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் செட்டேரியா, பஃபல் எனப்படும் கொழுக்கட்டைப் புல் ஆகியவற்றை மேய்ந்த குதிரைகளிடம் 1970-களிலிருந்தே விரிவாக ஆராயப்பட்ட நோய் இது. தவிடு தின்ற குதிரைகளுக்கு அதே வீக்கம் வருவது ஐரோப்பிய மாவு ஆலைகளில் அதற்கும் முன்பே தெரியும். கோதுமைத் தவிட்டில் மணிச்சத்து சுண்ணாம்பைப்போல் ஏறத்தாழ ஒன்பது, பத்து மடங்கு.

இப்போது நம்மூர் லாயத்தின் வழக்கமான கலவையை எண்ணிப் பாருங்கள்: நேப்பியர் புல், கோதுமைத் தவிடு, ஊறவைத்த கொள்ளு. இரண்டு பக்கமிருந்தும் சுண்ணாம்பைத் திருடும் தீனி. இதில் முதலில் கைவைக்க வேண்டியது தவிட்டில்தான். அதை நிறுத்துவதால் குதிரை இழப்பது அனேகமாக ஒன்றுமில்லை. நேப்பியரை ஒரேயடியாக விட முடியாதவர்கள், புல்லில் மூன்றில் ஒரு பங்கையாவது அருகம்புல்லாகவோ குதிரை மசாலாகவோ மாற்றலாம். குதிரை மசாலிலும் ஆக்சலேட் இருக்கிறது, ஆனால் சுண்ணாம்பு அதைவிட எவ்வளவோ மிகுதி. முழுத்தீனியாகவே குதிரை மசாலைப் போடுவதும் வினைதான். கலிபோர்னியாவில் அப்படி வளர்ந்த குதிரைகளின் பெருங்குடலில் மெக்னீசியம் உப்பு படிந்து கற்களாகத் திரண்டு, அறுவை சிகிச்சைவரை போயிருக்கின்றன. சுண்ணாம்புத்தூளைத் தனியாகச் சேர்க்கிறவர்கள் புல் போடும் வேளையை ஒட்டியே சேர்க்க வேண்டும். காலையில் தூளும் மாலையில் நேப்பியருமாகப் பிரித்துக் கொடுத்தால், மாலைப் புல்லில் வரும் ஆக்சலேட்டுக்கு எதிரில் நிற்க இரைப்பையில் எதுவும் இருக்காது.